அண்ணாச்சி ரத்தத்தில் தீக்குச்சி மருந்து

தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஆறுமுகசாமி அண்ணாச்சி எங்களுக்குப் போன் செய்து சொன்னபோது, அவர் வடை மென்றுகொண்டிருந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக் கடை மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். நடத்துகிறவர் அமுதவள்ளி அக்கா. போலீஸில் ஏட்டாக இருந்தவர். அதிகாரிகளுக்கு முந்தியே திருடனைக் கண்டுபிடித்துவிடுகிற கெட்ட பழக்கத்தால் ஊர் ஊராக மாற்றல் வாங்கி, அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டார். நான் ரூபஸ், அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவேன், டீ வாங்குவேன். அக்கா யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் என் வேலையில் சேர்த்திதான். அது மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை.

அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை, நாகலாபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் வீடும் ஆபீஸும். சித்திரை வெயிலில் இரண்டு பக்கமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஏசி இல்லாத எங்கள் காரில் நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

அண்ணாச்சி சோபாவில் சாய்ந்து, மூன்று ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பினார். ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்தைத் தாண்டக் கூடாதாம். இவருக்கு முதலில் ஏழு, பிறகு எட்டு, நேற்று ஒன்பது. திருநெல்வேலி டாக்டர் போனிலேயே அலறியிருக்கிறார். இந்த அளவுக்கு இதயம் எந்த நேரமும் நின்றுவிடும், உடனே வந்து படுங்கள் என்றாராம்.

"தீக்குச்சித் தலையில வைக்கிற மருந்துல என்ன இருக்கு? பொட்டாசியம்" என்றார் அண்ணாச்சி. "அது என் ஷெட்டுல மூட்டை மூட்டையாக் கிடக்கு. இப்ப என் ரத்தத்துலயும் கிடக்கு. நடுவுல அது எப்படி நடந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும்லா?"

நடத்திக் கொண்டுவந்தது யாரென்றும் அவரே முடிவு கட்டி வைத்திருந்தார். சமையல் செய்கிற மாரிசெல்வி. அவள் புருஷன் சோலைராஜ் மருந்து கலக்குகிற ஷெட்டில் இருந்தவன். காற்று வெளியேற நல்ல ஃபேன் மாட்டச் சொல்லி முதலாளியை எதிர்த்துப் பேசியதற்காகப் போன மாதம் வெளியே அனுப்பப்பட்டவன். அந்த ஆத்திரத்தில் அவன் மருந்தைக் கொடுக்க, இவள் சோற்றில் கலக்குகிறாள் என்பது அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு. அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல், காலையில் தீப்பெட்டியில் குச்சி அடைக்கிற பெண்கள் எல்லோரும் உள்ளே வரும் நேரம் பார்த்து, ஆபீஸ் முற்றத்தில் நின்று தொண்டை கிழியச் சொல்லியும் இருக்கிறார். மாரிசெல்வி இப்போது வாட்ச்மேன் ரூமில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வருகிறார்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் அக்கா. தான் போய்ப் படுத்துவிட்டால் சாட்சியான சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள் என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறதா, கைகால் தளர்கிறதா என்று அக்கா கேட்டதற்கு அவர் கோபப்பட்டார். காலையில் ஒரு குச்சி மூட்டையைத் தானே தூக்கி லாரியில் போட்டாராம்.

"அக்கா, சாகக் கிடக்கிற மனுஷன் எட்டு வடை தின்னுருக்காரு" என்று நான் காதோரம் சொன்னேன்.

"எண்ணாத ரூபஸ். யோசி."

அண்ணாச்சியின் மனைவி பொன்மணி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது, நாகலாபுரம் வரைக்கும் எந்தக் கடையிலும் அவருக்கு ஒரு மிட்டாய்கூடத் தரக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறேன், இப்படிக் கட்டிக் காத்தவரை யாரோ கொல்லப் பார்க்கிறார்களே என்று அழுதார். ஒரே ஒரு ஆறுதல், அவருக்கே இப்போது உடம்பில் அக்கறை வந்துவிட்டதாம். "முன்னெல்லாம் ஊசின்னா ஊரைக் கூட்டுவாக. இப்ப வாரத்துக்கு ரெண்டு தரம் லேப்புப் பையனை அவியளே வரச்சொல்லி, ஆசையாக் கையை நீட்டுதாக. எனக்கு ரத்தத்தைக் கண்டாலே மயக்கம் வந்துரும். சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிடுவேன்."

பொன்மணி அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு நேற்று அவரும் ரத்தம் கொடுத்தாராம். அவருடைய பொட்டாசியம் எவ்வளவு என்று அக்கா கேட்டார். நாலு, ஒரு குறையும் இல்லை.

வாட்ச்மேன் ரூமில் மாரிசெல்வி அழவில்லை. அழுது முடித்திருந்தாள். முதலாளிக்கு வைத்த சோற்றைத்தான் அம்மாவும் சாப்பிடுகிறார், மிச்சத்தைத் தானும் பிள்ளைகளும் சாப்பிடுகிறோம், மருந்தென்றால் எல்லோருக்கும்தானே ஏற வேண்டும் என்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"வேலை போனாப் போவுது" என்றாள். "சோத்துல மருந்து வச்சவன்னு பேரு வந்துட்டா, இந்தச் சுத்துப்பட்டுல எந்த அடுப்படியில என்னைச் சேப்பாவ? என் மவளை எவன் கட்டுவான்?"

அக்கா விறுவிறுவென்று காருக்கு நடந்தார். அப்படி நடந்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். நான் ஓட்டுவதில் மட்டும் கவனம் வைத்தேன்.

லேப் கோவில்பட்டியில் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அங்கே ரத்தம் பார்க்கிறவள் அஞ்சலின். என்னுடைய சர்ச்சுக்காரப் பெண்தான். ஆனால் நான் சொன்ன வணக்கத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஆறுமுகசாமி என்ற பெயரைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து இரண்டு குழாய்களை எடுத்து வந்து வெளிச்சத்தில் காட்டினாள்.

ரத்தத்தை மெஷினில் சுற்ற விட்டால் அணுக்கள் அடியில் தங்கி, மேலே நீர் தெளிந்து நிற்கும். பொன்மணி அம்மாவின் குழாயில் அது கடலை எண்ணெய் நிறத்தில் இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். அண்ணாச்சியின் குழாயில் மேலே நின்றதும் சிவப்பு. நன்னாரி சர்பத் என்று யாராவது கொடுத்தால் நான் குடித்திருப்பேன்.

"அணுவெல்லாம் உடைஞ்சுருக்கு" என்றாள் அஞ்சலின். "பொட்டாசியம் முக்கால்வாசி எப்பவும் அணுவுக்குள்ளதான் இருக்கும். வெளிய இருக்கதைவிட இருவது மடங்குக்கு மேல. உடம்புல இருக்கையில அது உள்ளேயே கிடக்கும். எடுத்த ரத்தம் குழாயில உடைஞ்சா, உள்ள இருந்தது பூரா இந்த நீர்ல கொட்டிரும். மெஷினுக்கு என்ன தெரியும்? கொட்டினதையும் சேத்து எண்ணிப்புடும்."

அக்கா அவளையே பார்த்தார். "அப்ப யாரும் எதையும் கலக்கல."

"அவிய ரத்தத்துல இருந்தது அவிய பொட்டாசியந்தான், அக்கா."

முதல் தடவையே இவள் சொல்லியிருக்கிறாள். லேப் முதலாளி வேறு ரத்தம் கேட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டார். 'என் ரத்தம் என்ன தண்ணிப் பந்தலா, கேட்டவுடனே ஊத்துறதுக்கு' என்று அண்ணாச்சி சீறியதில், இனிமேல் மெஷின் என்ன சொல்கிறதோ அதை அப்படியே அனுப்பு, பெரிய மனுஷரைப் பகைக்காதே என்று உத்தரவாகிவிட்டது. அதை மீற முடியவில்லை என்ற கோபம்தான் அவள் முகத்தில் இருந்தது. ஒரு பெண்ணை இதற்காக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னபோது அஞ்சலின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேஸ் முடிந்தது, சாப்பாட்டுக்குப் போகலாம் என்றேன். அக்கா அசையவில்லை. அணு தானாக உடையாது, உடைத்தது எது என்று சொல்லாவிட்டால் அண்ணாச்சி நம்ப மாட்டார், இன்ஸ்பெக்டரும் நம்ப மாட்டார் என்றார். தவிர, ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒரே ஆள் எடுத்த ரத்தம். அம்மாவுடையது கடலை எண்ணெய், ஐயாவுடையது சர்பத். மூன்று தடவையும் இப்படித்தான். ஒரு குழாய்க்கு மட்டும் தனியாக ஏதோ நடக்கிறது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவன் ஹரிகிருஷ்ணன். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான பையன், ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது. பல் வலியாம். பைக்கின் பின்னால் ஒரு தோள்பை, அதற்குள் குழாய்கள் நிற்கிற தட்டு. பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு ஐஸ் பெட்டி. இது எதற்கு என்று அக்கா கேட்டதும் பையன் நிமிர்ந்து நின்றான்.

"அண்ணாச்சிக்குன்னு தனியா வச்சுருக்கேன் மேடம். மத்தவங்க ரத்தம் பையில வரும். அவிய பெரிய மனுஷன்லா, வெயில்ல கெட்டுரக் கூடாதுன்னு ஐஸ் பெட்டியில ஜில்லுன்னு கொண்டாருதேன்."

மரியாதை. இந்தப் பக்கத்தில் பெரிய மனுஷருக்குத் தனி நாற்காலி, தனி டம்ளர் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். ரத்தத்துக்கும் தனி வண்டி என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அக்கா பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் வற்றி, விளிம்பில் வெள்ளையாக எதுவோ பூத்திருந்தது. அதைச் சுற்றி எறும்புக் கூட்டம். வெள்ளைத் தூளைப் பார்த்ததும், தீக்குச்சி மருந்தேதான் என்று நான் இரண்டடி பின்னால் போனேன். அக்கா அதற்குள் மூலையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, முகர்ந்து, என்னிடம் நீட்டினார். கல் உப்பு. தூத்துக்குடிச் சரக்கு.

"உப்பு சரி. எறும்பு எதுக்கு வந்துச்சு?"

"அண்ணாச்சிக்குச் சுகர்லா மேடம்" என்றான் ஹரிகிருஷ்ணன். "சுகர் ரத்தத்துக்கு எறும்பு வரும்."

"பொன்மணி அம்மாவுக்கும் சுகர்தான். அவிய ரத்தம் வந்த பையில ஒரு எறும்பக் காணலியே. எறும்பும் பெரிய மனுஷன் பாத்துத்தான் வருமோ?"

பையனுக்கு வியர்த்தது. ஒரே பெட்டிக்குள் உப்பும் இனிப்பும் ஐஸும் எப்போது ஒன்றாக இருக்கும் என்று அக்கா என்னைக் கேட்டார். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு மூளை வேகமாக ஓடும். "குல்பி" என்றேன். பானையில் ஐஸை நொறுக்கிப் போட்டு அள்ளி அள்ளிக் கல் உப்பைக் கொட்டுவார்கள். வெறும் ஐஸைவிட அது பல மடங்கு குளிர்ந்து, பாலையே கல்லாக்கிவிடும்.

ஹரிகிருஷ்ணன் ஒப்புக்கொண்டான். போகிற வழியில் தனக்குக் குல்பி வாங்கி இந்தப் பெட்டியில் வைத்துக்கொள்வதாகவும், தின்ற பிறகு மிச்ச ஐஸில் அண்ணாச்சி குழாயைப் புதைத்துக் கொண்டுவருவதாகவும் சொன்னான். அஞ்சலின் தலையில் அடித்துக்கொண்டாள். ரத்தம் உறைந்து ஐஸானால் அணு கிழிந்துவிடும். பால் பாக்கெட்டை ஃப்ரீசரில் வைத்து மறந்தால் என்ன ஆகுமோ அதுதான். வெயிலில் வந்து சேர்வதற்குள் ஐஸ் கரைந்து குழாய் திரும்ப இளகிவிடுவதால், அது உறைந்திருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

நிரூபிக்க வேண்டும் என்றார் அக்கா. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. அதில் எப்போதும் என் உடம்பு ஏதாவது ஒரு வகையில் சம்பந்தப்பட்டிருக்கும். அஞ்சலின் என் கையில் இரண்டு குழாய் ரத்தம் எடுத்தாள். நான் தாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். அவள் வேறு மாதிரி சொல்லக்கூடும். ஒரு குழாய் தட்டில் நின்றது. இன்னொன்று, பஸ் ஸ்டாண்டிலிருந்து வாங்கி வந்த நாலு குல்பிகளுக்கு நடுவில், உப்பும் ஐஸும் போட்ட நீலப் பெட்டிக்குள் போனது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தோம். உறைந்ததை இளக வைத்து, இரண்டையும் சுற்ற விட்டு, மெஷினில் வைத்தாள்.

தட்டில் இருந்த ரூபஸுக்கு நாலு. பெட்டியில் இருந்த ரூபஸுக்குப் பத்தைத் தாண்டி, அளக்க முடியாது என்று மெஷின் கையை விரித்துவிட்டது.

"ரூபஸ், நீ செத்து ஒரு மணி நேரம் ஆவுது" என்றார் அக்கா.

செத்தவனுக்குக் குல்பி உண்டா என்று கேட்டேன். அக்கா ஒன்றை எடுத்து ஹரிகிருஷ்ணனிடம் நீட்டினார். அவன் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டான். பல்லில் குளிர் பட்டால் உயிர் போய்விடும், ரெண்டு மாதமாகத் தண்ணீரையே சுட வைத்துத்தான் குடிக்கிறேன் என்றான். அக்கா சரி என்று சொல்லி அதை என்னிடம் கொடுத்தார். பிஸ்தா போட்டது. நன்றாக இருந்தது, வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் நாங்கள் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அஞ்சலினும் ஹரிகிருஷ்ணனும் கூட வந்தார்கள். மாரிசெல்வியையும் கூடத்துக்கு அழைத்து வரச் சொன்னார் அக்கா. அவள் கதவோரமாக நின்றாள். அக்கா குழாய்களைக் காட்டி, அணு உடைந்ததையும் உள்ளே இருந்தது வெளியே கொட்டியதையும் சொன்னார். என் சாவைப் பற்றியும் சொன்னார். கடைசியில் நீலப் பெட்டியை மேஜையில் வைத்து, உப்பு என்றார், குல்பி என்றார்.

குல்பி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் அண்ணாச்சியின் முகத்தில் அப்படி ஒரு கருணை வந்தது.

"சரி, விடுங்க" என்று எழுந்துவிட்டார். "சின்னப் பையன் தெரியாமச் செஞ்சது. போலீஸு கீலீஸெல்லாம் வேண்டாம். மாரிசெல்வியையும் நான் மன்னிச்சுட்டேன். போய் அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லுங்க."

நான் கைதட்டப் போனேன். எவ்வளவு பெரிய மனசு. ஆனால் மாரிசெல்வி அடுப்படிக்குப் போகவில்லை.

"மன்னிப்பு எதுக்கு மொதலாளி? நான் என்ன செஞ்சேன்?"

பொன்மணி அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். குல்பி யாருக்காக வந்தது என்று கேட்டார். ஹரிகிருஷ்ணன் தனக்குத்தான் என்றான், வீங்கிய தாடையைக் கையால் பொத்திக்கொண்டு. அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. பச்சைத் தண்ணீர் குடிக்க முடியாதவன் குல்பி தின்றானாம். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஊசிக்கு ஊரைக் கூட்டின மனுஷன், வாரத்துக்கு இரண்டு தரம் ஆசையாகக் கையை நீட்டினாரே. அந்த வீட்டில் பொன்மணி அம்மா திறந்து பார்க்காத ஒரே பெட்டி ரத்தப் பெட்டிதான்.

அண்ணாச்சி அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, நீங்களே எப்படியாவது சொல்லி முடித்துவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அக்கா நகரவில்லை.

"நான் சொன்னா அது துப்பு அண்ணாச்சி. நீங்க சொன்னாத்தான் இந்தப் பொண்ணு மேல விழுந்த பழி போவும்."

வாசலில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"எனக்குத்தான்" என்றார் அண்ணாச்சி.

பொன்மணி அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன குல்பி?"

"பிஸ்தா."

"நான் சுவத்தைப் பாத்து நிக்கையிலயா?"

எனக்கே அண்ணாச்சியைப் பார்க்கப் பாவமாக இருந்தது, மாரிசெல்வியைப் பார்க்கிற வரைக்கும். அவள் இன்னும் அதே இடத்தில்தான் நின்றாள். ரத்தம் கொடுத்த மறு நிமிஷம் இந்த மனுஷன் குல்பி தின்றிருக்கிறார், பிறகு அவள் போட்ட சோற்றைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

இங்கே சொன்னது போதாது என்றாள் மாரிசெல்வி. காலையில் முற்றத்தில் வைத்துத்தானே அவள் பேரைச் சொன்னார், அங்கேயே வந்து சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, யாரைப் பிடிக்க வேண்டும் என்று விசாரித்தார். பொன்மணி அம்மா தன் வீட்டுக்காரரைக் கை காட்டினார்.

பெட்டி அடைக்கிற பெண்கள் வேலை முடிந்து தூக்குச் சட்டியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி முற்றத்துக்கு நடந்தார். மூட்டை தூக்கிய ஆள், அந்தப் பத்தடி தூரத்துக்கு மூச்சு வாங்கினார். வாயைத் திறந்து ஏதோ முனகினார். முன் வரிசைக்கே கேட்டிருக்காது.

"பின்னால கேக்கலை அண்ணாச்சி" என்றது ஒரு குரல்.

"மாரிசெல்வி ஒண்ணுஞ் செய்யல" என்றார் அவர், இந்தத் தடவை காலையில் கத்திய அதே தொண்டையில். "சோத்துல ஒண்ணும் இல்ல. நாந்தான் வீட்டுக்குத் தெரியாம குல்பி தின்னேன். அந்த ஐஸுலதான் என் ரத்தம் கெட்டுப்போச்சு. தப்பு என்மேல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு யாருமே அடக்கவில்லை. மாரிசெல்வி மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தரம் அழுந்தத் துடைத்தாள். அஞ்சலின் புதிதாக எடுத்த அண்ணாச்சி ரத்தத்தை மற்றவர்களுடையதைப் போலச் சாதாரணமாகப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். அதில் பொட்டாசியம் நாலரை என்று பிற்பாடு போன் வந்தது.

சோலைராஜையும் நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு என்றார் அண்ணாச்சி. அதை நீங்களே வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மாரிசெல்வி சொல்லிவிட்டாள். பிறகு பொன்மணி அம்மாவிடம் போனாள்.

"நாளைக்குக் காலையில வாரேம்மா. இன்னைக்கு ராத்திரிச் சோத்த மொதலாளியே பொங்கட்டும். அவிய கையால பொங்கினாத்தான் அவியளுக்குப் பயமில்லாம எறங்கும்."

இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் வழிவிட, அவள் முன்வாசல் வழியாகவே நடந்து போனாள்.